இரட்டைப் பின்னல்

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். அப்பாவின் முட்டிவலிகூட இந்த மாதம் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. நீ அனுப்பிவைத்த உன் மாணவி நல்லபடியாக வந்து சேர்ந்தாள். நீ ஓய்வு பெற்றதும் அவள்தான் உன் பள்ளிக்குத் தலைமை ஆசிரியையாமே. சந்தோஷம்.

சந்தோஷம் என்று எழுதிவிட்டேனே தவிர, எனக்கு வயிறு எரிகிறது. உன்னைப் போலவே புருவத்தைத் தூக்கி அதட்டுகிறாள். நம் ஊர்ப் பேச்சை உன்னிடமிருந்தே பிடித்துக்கொண்டாளாம். வாய் நிறைய உன்னை அம்மா என்கிறாள். அப்பா வேறு வாயெல்லாம் பல்லாக அவளிடம் கதை கேட்கிறார்.

நேற்றுக் காலை என் மகளைப் பிடித்து உட்கார வைத்து இரட்டைப் பின்னல் போட்டாள். அங்கே தாய்மார்கள் விடியும் முன்பே ஆலைக்குப் போய்விடுவார்களாம். பரட்டைத் தலையோடு வர வெட்கப்பட்டுப் பெண் பிள்ளைகள் வீட்டிலேயே கிடந்தார்களாம். நீ சீப்பும் எண்ணெயுமாகப் பள்ளி வாசற்படியில் உட்கார்ந்து, வந்தவளுக்கெல்லாம் பின்னிவிட்ட பிறகுதான் வகுப்பு நிரம்பியதாம். அம்மா பின்னினா சாயங்காலம் வரைக்கும் கலையாது என்று என்னிடமே பெருமை பேசுகிறாள்.

எனக்கு எப்படித் தெரியும்? நீ எங்களை விட்டு அந்தப் பள்ளி வேலைக்குப் போனதும், பின்னத் தெரியாத அப்பா என்னையும் அண்ணனையும் ஒன்றாக முடிதிருத்தும் கடைக்கு அழைத்துப் போனார். ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி வெட்டிடுங்க என்றார். அன்றிலிருந்து வகுப்பில் என் பெயர் கிராப்பு. லீவுக்கு வந்த நீயும் பார்த்துவிட்டு, நல்லா இருக்கே என்றாய். அப்புறம் நான் என்ன சொல்ல?

கடைசியில் அவள் வந்த காரியத்தைச் சொன்னாள். ஓய்வுக்குப் பிறகும் நீ அங்கேயே இருக்க வேண்டுமாம். பள்ளிக்குள்ளேயே அறை ஒதுக்கிவிட்டார்களாம். நான் சரி என்றால்தான் நீ சம்மதிப்பாயாம். உங்க அம்மாவை எங்களுக்கே விட்டுடுங்க என்று என் கையைப் பிடித்தாள். இத்தனை வருஷம் வேறென்ன செய்தோம் என்று வெடுக்கென்று கேட்டுவிட்டேன். பாவம், முகம் வாடிப்போனாள்.

அங்கேயே இரு, அம்மா. இங்கே பால்கனியில் உட்கார வைத்தாலும் நீ அந்த வாசற்படியையே நினைத்துக்கொண்டிருப்பாய். அதை என்னால் பொறுக்க முடியாது.

ஆனால் ஒரு முறை வந்துவிட்டுப் போ. இந்த வருஷம் உனக்கு ஓய்வு என்று தெரிந்ததிலிருந்து நான் முடி வெட்டவில்லை. பாதி நரைதான், ஆனாலும் பின்னுகிற அளவுக்கு வளர்ந்துவிட்டது. நேற்று உன் மாணவி என்னையும் உட்காரச் சொன்னாள். மாட்டேன் என்றுவிட்டேன்.

வழி பார்த்திருக்கும்,
உன் கிராப்பு