தைக்காமல் வைத்த மஞ்சள் மெத்தை

என் கட்டெறும்புக்கு,

இங்கே நானும் அம்மாவும் சுகம், தையல் மெஷினும் சுகம், அம்மாவின் மூட்டுவலி மட்டும் எங்களைவிடச் சுகம். நீயும் மாப்பிள்ளையும் சிற்றெறும்பும் அங்கே நன்றாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் கடையைத் திறக்கிறேன். பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது, கடை முழுக்கச் சீருடை, மேஜையில் கை வைக்க இடமில்லை. போன வாரம் போனில், சின்ன வயசுப் படத்துல நான் உட்கார்ந்திருக்கிற வளைய மெத்தை மாதிரி பையனுக்கும் ஒண்ணு தைச்சு அனுப்புங்கப்பா, ஆறு மாசமாச்சு, இன்னும் உட்காரலையான்னு எல்லாரும் கேட்கிறாங்க என்றாய். சரி என்றேன். அம்மா மஞ்சள் துணி எடுத்துக் கொடுத்தாள், வெட்டினேன், அதற்குமேல் கை ஓடவில்லை.

உனக்கும் ஆறாம் மாதத்தில் இதே கேள்விதான் வந்தது. ஆளைக் குள்ளமாக்கும் என் எலும்புக் குறை உனக்கும் வந்ததே போதாதென்று இருந்தேன், குழந்தை உட்காரக்கூட மாட்டேங்குதா என்று துணி வாங்க வந்தவள் கேட்டதும் எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வெட்டுத்துணியைத் திணித்து அந்த மெத்தையைத் தைத்து, உன்னை நிமிர்த்தி, நாள் முழுக்க மேஜைமேல் உட்காரவைத்தேன். நீ குனிந்து குனிந்து விழுந்தாய், பொண்ணு தையல் பார்க்கிறா என்று நான் பெருமையடித்தேன். மூன்று வயதில் முதுகு வளைந்திருப்பதைப் பார்த்த எலும்பு டாக்டர், இந்த எலும்புள்ள பிள்ளைகளுக்குத் தலை கனம், முதுகு பலப்பட நாளாகும், தானாக உட்காருமுன் உட்காரவைக்கக் கூடாது என்றார். அதனாலதான் வளைஞ்சதா என்றேன். இருக்கலாம், அடிச்சுச் சொல்ல முடியாது என்றார். அந்த இருக்கலாம் இருபத்தாறு வருடமாக என்னை விடவில்லை, அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. முதுகுப்பட்டை போட்டுக்கொண்டு வெயிலில் பள்ளிக்கூடம் போகையில், எல்லாம் நம்ம எலும்போட சேட்டைப்பா என்று நீதான் என்னைத் தேற்றினாய். நானும் தலையாட்டினேன். என்னை மன்னித்துவிடு, மகளே.

அவனுக்கும் நம் எலும்புதான், அதனால் யார் என்ன சொன்னாலும் தூக்கி உட்காரவைக்காதே. மடியில் வைத்தாலும் முதுகுக்குக் கை கொடு, டாக்டரிடம் முதுகையும் காட்டு. தட்டையாக, கெட்டியாக ஒரு மெத்தை தைத்து அனுப்புகிறேன், படுத்து விளையாடட்டும். உனக்கும் இரண்டு சட்டை வைத்திருக்கிறேன், முதுகுப் பக்கம் வழக்கம்போல முக்கால் அங்குலம் கூட விட்டிருக்கிறேன். கோபம் வந்தால் நன்றாகத் திட்டு, போனை மட்டும் எடுக்காமல் இருந்துவிடாதே. அம்மாவிடம் இன்று நானே சொல்கிறேன், நீ முந்திக்கொள்ளாதே.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் சிரித்த முகமாக இருங்கள். அவன் தானாக எழுந்து உட்காரும் அன்றைக்கே எனக்குச் சொல். மஞ்சள் துணி வெட்டியபடியே இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அப்பா