கண்ணாடிக்குப் பின்னால் காய்ந்த வெயில்

இன்று தை மாதம் பதினான்காம் நாள். எனக்கு எழுபத்து மூன்று வயதும் நான்கு மாதமும் ஆறு நாளும் ஆகின்றன. வயதை முழு எண்ணாகச் சொல்வது சோம்பேறித்தனம் என்று நான் சொல்லும்போதெல்லாம் நீ சிரிப்பாய். ஆகவே கணக்கிட்டே எழுதுகிறேன்.

நேற்று உன் மகள் வந்து உன் குடையைக் கொடுத்துவிட்டுப் போனாள். விரித்துப் பார்த்தேன். உட்புறம் இன்னும் கறுப்பு; வெளிப்புறம் சாம்பல். பாச்சை உருண்டையின் நெடிக்கு அடியில் காய்ந்த துணியின் சூடான வாசனை. உனக்கு வரவேண்டிய வெயிலையெல்லாம் அந்தத் துணியே வாங்கிக்கொண்டிருக்கிறது.

சிதம்பரத்தில் நாம் படித்த நாட்களில், காலை எட்டு மணிக்கே விடுதி வாசலில் குடை விரிப்பவள் நீ ஒருத்திதான். நான் உயிர்வேதியியல், நீ பொருளாதாரம். "கறுத்துட்டா எங்கம்மா என்னை எவன் தலையிலடி கட்டும்?" என்பாய். இப்போது நினைத்தால், கீழவீதி முழுவதும் வெள்ளையாகி, ஒரு கறுப்பு வட்டம் மட்டும் அதன்மேல் மெல்ல மிதந்து போவதுபோல் தெரிகிறது.

ஓய்வுக்குப் பிறகு இருவரும் கடலூரில் அடுத்தடுத்த தெருக்களில் குடியேறினோம். ஒருநாள் பரிசோதனைத் தாளோடு வந்தாய். சர்க்கரை விளிம்பில் நின்றது. வைட்டமின் டி மிகக் குறைவு. இன்சுலின் சுரந்தும் உடம்பு அதன் சொல்லைக் கேட்பதில்லை, வைட்டமின் குறைவுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று டாக்டர் சொல்லியிருந்தார். சர்க்கரையால் காலை இழந்த உன் அம்மா உன் கண்ணுக்குள் நின்றார்.

"அப்ப வெயில்ல காஞ்சா சர்க்கரை எறங்கிடுமாடி?"

"தொடர்பு இருக்குன்னுதான் சொன்னாங்க. இதனாலதான் அதுன்னு யாரும் சொல்லல. மாத்திரைய ஒழுங்கா முழுங்கு. நட."

நடப்பது உனக்கு ஆகாது. பிறகு ஒருநாள், ஒரு மாதமாக வெயில் காய்வதாகச் சொன்னாய். எங்கே என்று கேட்டேன். கூடத்தில், சாத்திய சன்னலுக்குப் பின்னால், நாற்காலி போட்டு!

"கண்ணாடிக்குப் பின்னாலயா? வைட்டமின் உண்டாக்குற கதிர் கண்ணாடியத் தாண்டாதுடி. பொருளாதாரம் படிச்ச புத்தி!"

"வெளியில உக்காந்தா எதிர்வீட்டம்மா வடாமோட சேத்து என்னையும் திருப்பிப் போட்டுடுவா."

அன்றுதான் அந்தப் பொய்யைச் சொன்னேன்: வெயிலில் நடந்தால்தான் உடம்பு ஏற்றுக்கொள்ளும், உட்கார்ந்தால் ஒட்டாது. நம்பினாய். மறுநாள் பதினோரு மணிக்கு மஞ்சக்குப்பம் மைதானத்தில், குடையின் நிழல் விழாத உன் முகத்தை முதன்முதலாகப் பார்த்தேன்.

"வெயில் ஜாஸ்திம்மா, மயங்கி வுழுந்தா நான்தான் தூக்கணும்" என்றார் இளநீர்க்காரர்.

"மருந்து சாப்புடுறோம்பா" என்றாய்.

அந்த நேரத்தில் மண் வெள்ளையாக மினுங்கும். நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும். சாலையின் இரைச்சல் நீருக்கடியிலிருந்து வருவதுபோல் மங்கும். நாலைந்து சுற்றுக்குப் பின், நடப்பது கடலூரிலா சிதம்பரத்திலா, வயது இருபதா எழுபதா என்பது தெரியாமல் போகும்.

ஆறு மாதத்தில் உன் சர்க்கரை இறங்கியது. வெயிலாலா, நடையாலா, மாத்திரையாலா என்று என் படிப்பைக் கொண்டு பிரித்துச் சொல்ல முடியவில்லை. நீயோ வெயில் என்றும், உன்னைக் காப்பாற்றியவள் நான் என்றும் தெருவெல்லாம் சொன்னாய். பிறகு உன் மகள் எங்கோ படித்து உண்மையைச் சொல்லிவிட்டாள். மைதானத்தின் நடுவில் நின்று முறைத்தாய்.

"பொய்க்காரி! உக்காந்தாலும் ஒட்டுமாமே?"

"ஒட்டும்."

"இன்னும் எத்தன வெச்சிருக்க?"

"ஒண்ணுமில்ல. நட."

நடந்தாய். போன ஆண்டு மார்கழியில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோகும்வரை நடந்தாய். நான் இன்றும் பதினோரு மணிக்குப் போகிறேன். இடப்பக்கம் ஓர் ஆளுக்கு இடம் விட்டே நடக்கிறேன், பழக்கம், வேறொன்றுமில்லை.

ஒன்றுமில்லை என்றேனே, அதுவும் பொய். நீ தாளோடு வருவதற்கு ஒரு வாரம் முன்பே என் இரத்தத்தையும் பரிசோதித்திருந்தார்கள். என் எண்கள் உன்னுடையவற்றைவிட மோசம். உனக்கு வாய் நிறைய அறிவுரை சொன்ன நான், அந்தத் தாளை உன்னிடம் காட்டக் கூசினேன். தனியாக நடக்கப் பயந்தேன். துணை வேண்டியது எனக்குத்தான். அதைக் கேட்கத்தான் எனக்குத் தெரியவில்லை.