சிமியோன் பின்னிய குருத்தோலை

இளவாலை
16.04.2025
பெரிய வாரம், புதன்

அன்புத் தம்பி கீர்த்திகனுக்கு,

வாட்ஸ்அப்பில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். ஓலையை வாட்ஸ்அப்பில் அனுப்ப முடியாது, அதற்காகத்தான் தபால். உறைக்குள் இருக்கும் குருத்தோலைச் சிலுவை அப்பா பின்னியது. ஒரு பக்கம் கோணியிருக்கும். நேராக்கப் பார்க்காதே, உடைந்துவிடும்.

இங்கே வெயில் ஆளைக் கொல்கிறது. அப்பாவின் வலக்கை இன்னும் எழும்பவில்லை. வைத்தியர் இப்போது மாதக்கணக்கு சொல்வதில்லை, கிழமைக்கணக்குத்தான். காலையில் அவரைத் தூக்கி இருத்தி, துடைத்து, சோறு தீத்தி, பிறகு முன்பள்ளிக்கு ஓடிப்போய்ப் பிள்ளைகளோடு கத்த வேண்டும். பொழுதுபட்டால் இடுப்பு என் சொல் கேட்பதில்லை. குறை சொல்லவில்லை. களைத்துப் போனேன், அவ்வளவுதான்.

ஞாயிறு குருத்தோலைத் திருநாள். அப்பா கோயில் வாசலை மிதித்துப் பதினெட்டு வருடம் என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் வருடம் தவறாமல் தானே குருத்து வெட்டிச் சிலுவை பின்னி வாசல் நிலையில் செருகுவார். இந்த முறை முடியாதே என்று நினைத்து, கோயிலில் பின்னி வைத்திருந்ததில் ஒன்றைக் கொண்டுவந்து நானே செருகினேன். அதுதான் நான் விட்ட பிழை. கண்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். சோறும் வேண்டாமாம். பிறகு ஒரு குருத்தைக் கொண்டுவந்து கொடுத்தேன். ஓலை முனையைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு இடக்கையால் பின்னினார். மத்தியானம் முழுவதும் பின்னி இரண்டு முடித்தார். ஒன்று வாசலுக்கு, மற்றது உனக்கு.

போன கிழமை நீ சொன்னதை யோசித்துக்கொண்டிருக்கிறேன். நம்பிக்கையே இல்லாத மனிதனுக்கு எதற்குச் சுவாமியார், எதற்குக் கோயில் அடக்கம், காரியம் நடந்தால் எரித்துவிடுங்கள், நான் வீடியோவில் பார்க்கிறேன் என்றாய். எனக்குக் கோபம் வரவில்லை. நானும் பூசையில் பாதி நேரம் தூங்குகிறவள்தானே.

பயந்து பயந்து அப்பாவிடமே கேட்டேன். 'கடவுளோடை எனக்கு ஒரு கதையும் இல்லை. ஆனா என்னை வேதக்காரனாய்த்தான் புதைக்கவேணும்' என்றார். நோயில் எண்ணெய் பூசிச் செபிக்கச் சுவாமியாரைக் கூப்பிடவா என்றதற்கு, 'வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகட்டும்' என்றார். சுவாமியாரும் வந்தார். தேத்தண்ணி குடித்தார். சேமக்காலையில் அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிதர்.

அவர் போனபிறகு, அம்மாவின் பழைய செபப்புத்தகத்தை எடுத்துவரச் சொன்னார் அப்பா. அதற்குள் ஒரு குருத்தோலைச் சிலுவை இருந்தது, தொட்டால் பொடிந்துவிடும் பதத்தில். நம் கடைக்குட்டி சிமியோன் பின்னியது. பதினெட்டு வருடத்துக்கு முன்பு அதை வாசலில் செருகி மூன்றாம் நாள்தான் அவன் சந்தைக்குப் போனான், இன்றுவரை வரவில்லை.

பழைய ஓலையை விபூதிப் புதனுக்கு முன்பு கோயிலுக்குத் திருப்பிக் கொடுப்பது நம் வீட்டில் யாரும் தவறவிடாத வழக்கம். அதை எரித்த சாம்பலைத்தான் நெற்றியில் பூசுவார்கள். சிமியோனுடையதும் அப்படிப் போயிருக்கும் என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தேன். அப்பா கொடுக்கவில்லை, தம்பி.

அந்த ஓலையைத் தன் கையில் வைத்துப் புதைக்க வேண்டுமாம். கல்லில் தன் பெயருக்குக் கீழே அவன் பெயரும் வேண்டுமாம். திகதி போட வேண்டாமாம். 'அவனுக்கெண்டு ஊரிலை ஒரு இடம் வேணும். என்னை எரிச்சா எங்கை எழுதுறது?' என்று கேட்டார். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

நீ கோயிலுக்குள் வர வேண்டாம். முழங்காலில் இருக்கவும் வேண்டாம். செபம் மறந்துபோயிருந்தால் வாயை மட்டும் அசை, நானும் அதைத்தான் செய்யப்போகிறேன். ஆனால் வந்துவிடு. அப்பாவின் கண் திறந்திருக்கும்போதே வா.

மாதா உன்னைக் காப்பாற்றட்டும். நம்பாவிட்டாலும் பரவாயில்லை, நம் வீட்டில் கடிதத்தை இப்படித்தான் முடிப்போம். அப்பாவுக்கு ஒரு பிடி மண்ணை நான் தனியாகவே போட்டுவிடுவேன், தம்பி. சிமியோனுக்கும் சேர்த்து இரண்டு பேருக்கு என்னால் முடியாது.

உன் அக்கா,
ஜெனிற்றா