அடிமுடிச்சில் இறங்கிய விரல்

அக்கா,

இன்று காலையில் மருமகள் வாழைப்பூவை இரும்புச் சட்டியில் போட்டு வேகவைத்துவிட்டாள். மண்சட்டி எங்கே என்றால், இதுதான் கைக்கு அகப்பட்டது என்கிறாள். பூ கன்னங்கரேலென்று கறுத்துக் கிடந்தது. அந்தத் துவர்ப்பு வாடை என்னை நேராக உங்கள் வீட்டுக் கொல்லையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. அடுப்பை அணைக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

நான் சந்தேகப் பிராணி என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பால்காரர் சிரித்தால் அன்றைக்குத் தண்ணீர் கூடுதல் என்று நினைப்பவள். ஏரிக்கு மேலே ஒரே வரிசையில் குடியிருந்தோம். நீங்கள் வலை பின்னும்போது பக்கத்தில் உட்கார்ந்து, பின்னி முடித்ததை இழுத்து இழுத்துப் பார்ப்பேன்.

"ஏன்டி இழுக்குற? எம்மேல நம்பிக்கை இல்லையா?"

"உங்க மேல இருக்குக்கா. நூல் மேலதான் இல்ல."

விழுந்து விழுந்து சிரிப்பீர்கள்.

லேண்டிங் நெட் என்று கடைவீதியில் சொல்வார்கள். தூண்டிலில் மாட்டிய பெரிய கெண்டையை அப்படியே தூக்கினால் தூண்டில் நரம்பு அறுந்துவிடும். படகுக்காரர் வலையைத் தண்ணீருக்குள் அசையாமல் பிடித்திருந்து, மீன் அதற்கு மேலே வந்ததும் அள்ள வேண்டும். முன்பெல்லாம் அந்த வலை சீமையிலிருந்துதான் வரும். தன் ஊருக்குக் கப்பலேறிய துரை ஒருவர் போட்டுவிட்டுப் போன கிழிசல் வலையை முடிச்சு முடிச்சாகப் பிரித்துப் பார்த்து நீங்களாகவே கற்றுக்கொண்டீர்கள். பச்சைக் கம்பை வெந்நீர் ஊற்றி வளைத்து வளையம் கட்டுவீர்கள். பையை அடியிலிருந்து தொடங்குவீர்கள். மீனின் பாரம் முழுவதும் அங்கேதான் இறங்கும் என்பதால் அடிமுடிச்சுகளை மட்டும் இரட்டை நூலில் போடுவீர்கள்.

பின்னியதும் பட்டைச் சாறு. நம் மலையில் இறங்கும் மேகத்தின் ஈரத்தில் பருத்தி நூல் தானாகவே மக்கிவிடும். வாட்டில் மரப்பட்டையைக் காய்ச்சி அதில் ஊறவைத்தால் நூல் செம்பழுப்பாகி உரம் ஏறும். மண்பானையில்தான் காய்ச்ச வேண்டும்; இரும்பு பட்டால் சாறு கறுத்து, நாளாக ஆக நூலைத் தின்றுவிடும். இதை எனக்குச் சொன்னவரே நீங்கள்தான்.

அந்த வருடம் ஐப்பசி மழையில் மலைப்பாதை சரிந்து, கீழேயிருந்து பானை வண்டி வரவில்லை. படகுத்துறையில் சீசனுக்கு வலை கேட்டிருந்தார்கள். உங்கள் பானையோ விரிசல் விட்டிருந்தது. பிறகு பார்த்தால் கொடியில் காய்ந்த வலைகள் கறுப்பாக இருந்தன.

"என்னக்கா இந்த நிறம்?"

"பட்டை முத்தல்டி. போய் ஓஞ்சோலியப் பாரு."

போய்விட்டேன். ஆனால் மனத்தில் குறித்துக்கொண்டேன்.

சித்திரையில் ஏரியில் மீன்பிடிப் போட்டி நடந்தது. என் வீட்டுக்காரர் ஓட்டிய படகில் வந்தவருக்கு, அதுவரை யாரும் பார்த்திராத ஒரு கெண்டை மாட்டியது. இவர் நீங்கள் பின்னிய வலையைக் கொடுத்து அள்ளினார். படகுக்கு மேலே வந்த மீன் வலையின் அடியைக் கிழித்துக்கொண்டு, நரம்பையும் அறுத்துக்கொண்டு போய்விட்டது. கரையில் அத்தனை பேர் பார்க்கப் படகு முதலாளி கத்தினார். "வலை பிடிக்கத் தெரியாதவன் நாளையிலேருந்து வரவேண்டாம்!"

எங்கள் வீட்டில் வேறு வருமானம் கிடையாது. அவர் ஒரு மூலையில் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. உங்கள் தம்பி பண்ணைக்காட்டிலிருந்து வந்து உங்களோடு தங்கியிருந்தார். படகுத்துறையில் ஆள் குறைந்தால் தன்னைச் சேர்த்துக்கொள்ளும்படி முதலாளியிடம் சொல்லியும் வைத்திருந்தார். கறுத்த வலையையும் இதையும் முடிச்சுப்போட எனக்கு வெகு நேரமாகவில்லை.

விடிந்ததும் உங்கள் வாசலுக்கு வந்தேன்.

"வலையில என்னக்கா செஞ்சீங்க? ஒங்க தம்பிக்கு வேலை வேணும்னு எம்புருசன் பொழப்புல கை வச்சிட்டீங்களா?"

நீங்கள் உள்ளே போய் மிச்சமிருந்த கறுப்பு வலைகளை அள்ளிக்கொண்டு, "வா, வெரசா" என்று மட்டும் சொல்லி முன்னால் நடந்தீர்கள்.

படகுத்துறையில் சீசன் கூட்டம். முதலாளி முன்னால் ஒரு வலையைத் தூக்கிப் பிடித்து, அடிமுடிச்சில் சுண்டுவிரலை விட்டீர்கள். அழுத்தவே இல்லை. நைந்த திரி மாதிரி முடிச்சு இற்று வந்தது. அடுத்த வலை, அதற்கடுத்த வலை, எல்லாம் அப்படியே.

"படகுக்காரர் மேல தப்பில்லீங்க. பானை இல்லாம இரும்புச் சட்டியில காய்ச்சினேன். நூலு உளுத்துப்போச்சு. பின்னுன நாந்தான் காரணம். அவருக்கு வேலையக் குடுங்க."

அன்றே இவரைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். உங்களிடம் அதற்குப் பிறகு யாரும் வலை கேட்கவில்லை. அடுத்த மழைக்குள் தம்பியோடு பண்ணைக்காட்டுக்குக் குடிபோய்விட்டீர்கள், காப்பிக்கொட்டை பொறுக்க. பஸ் ஏறும்போது என் கையைப் பிடித்தீர்கள். நன்றி என்று நான் சொல்லவில்லை. சொல்லவிடாமல் ஒன்று தடுத்தது.

எது என்று இப்போது சொல்கிறேன். அந்த விரல், அக்கா. எங்கே நைந்திருக்கிறது என்று அது தேடவில்லை. வளையத்தைப் பார்க்கவில்லை, பக்கத்தைத் தொடவில்லை. இரட்டை நூல் போட்ட அடியிலேயே, அழுத்தாமல், நேராகப் போய் இறங்கியது. அப்படியானால் முன்பே சோதித்திருக்கிறீர்கள். எப்போது? என் சத்தம் கேட்பதற்கு முந்தின இரவிலா, அல்லது வலையை இவர் கையில் கொடுப்பதற்கு முன்பேயா? முதலாளி அதைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நீங்கள் செத்துப்போன செய்தி வந்தபோதும், அழுகைக்கு முன்னால் இந்தக் கேள்விதான் வந்தது.

இன்று கறுத்த வாழைப்பூவைப் பார்த்து நான் நின்றதை மருமகள் விடவில்லை. குடைந்து குடைந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். கேட்டு முடித்தவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "அந்த அம்மா தெரிஞ்சேதான் குடுத்துருக்கும் போலயே அத்தை" என்றாள்.

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஆத்திரம் வந்ததோ. "வாய மூடுடி. அவங்களுக்கு ஒண்ணுந் தெரியாது" என்று கத்திவிட்டேன்.

என் சந்தேகம் போகவில்லை அக்கா. அது என்னோடுதான் போகும். ஆனால் உங்களைச் சந்தேகப்பட என்னைத் தவிர வேறு யாருக்கும் உரிமை கிடையாது.