அட்டையில் இல்லாத வரிகள்

புதுக் காலண்டரின் வாசனை உனக்கு ரொம்பப் பிடிக்கும். அச்சு மையும் பசையும் கலந்து மூக்கு நுனியில் லேசாக எரியும். இன்று பள்ளிக்கூடம் விட்டு வரும்போது எடப்பாடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் கட்டுக் கட்டாக அடுக்கியிருந்த நாட்காட்டிகளின் பக்கத்தில் அந்த வாசனை என்னை நிறுத்திவிட்டது. தாளுக்கு ஒரு வேத வசனம் போட்ட காலண்டர். கடைக்காரர், "வேணுங்களா பாப்பா?" என்றார். "இல்லீங்க, சும்மா பாக்கறேனுங்க" என்றேன். ஏதோ ஒரு தாளைப் புரட்டி, இந்த வசனத்துக்கு முன்னால் என்ன இருந்திருக்கும், பின்னால் என்ன இருந்திருக்கும் என்று யோசித்தபடி பஸ்ஸை விட்டுவிட்டேன். நீ இருந்திருந்தால் திட்டியிருப்பாய்.

அது நம் விளையாட்டு. உங்கள் வீட்டில் புது வருஷ ஆராதனை முடிந்ததும் தட்டில் கவிழ்த்து வைத்த அட்டைகளில் ஆளுக்கொன்று எடுப்பீர்கள். அதில் இருக்கும் வசனம்தான் அந்த வருஷம் முழுவதற்கும் அவரவருக்கான வாக்குத்தத்தம். அதைக் கட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டிவிடுவார் உன் அம்மா. எங்கள் வீட்டில் மாரியம்மன் படம் தொங்கும் இடம் அது. கையில் கிடைக்கும் புத்தகத்தையெல்லாம் படித்துவிடும் எனக்கு, அந்த அட்டை எங்கிருந்து வெட்டப்பட்டது என்று கண்டுபிடிக்காமல் இருக்க முடியவில்லை. உன் வேதாகமத்தை மடியில் வைத்துக்கொண்டு தேடினோம். பெரும்பாலும் சங்கீதம் என்கிற பாட்டுகளின் பகுதியில்தான் போய் நின்றது. அட்டையில் ஒரு வரி ஆறுதல் இருக்கும். புத்தகத்தில் அதற்கு மேலும் கீழும் ஒரு மனுஷன் படுக்கை நனைய அழுதுகொண்டிருப்பான்.

"பொரியில கெடக்கற கடலையை மட்டும் பொறுக்கிட்டாங்க புள்ள" என்று நீ சிரித்தாய்.

ஒன்பதாம் வகுப்பு கோடை முழுக்க அப்படித்தான் போயிற்று. உன்னதப்பாட்டில், காதலியின் பற்களுக்குக் குளித்துக் கரையேறும் ஆட்டுமந்தையை உவமை சொல்லியிருப்பதைப் படித்துவிட்டு நான் ஆடு மேய்க்கும் வீட்டுப் பிள்ளையாகக் கோபித்துக்கொண்டேன். "எங்கூட்டு ஆட்டைக் குளிக்க வெச்சுப் பாத்திருந்தா இப்படி எழுதியிருக்க மாட்டாரு" என்றேன். கணக்குப் பரீட்சைத் தாள் வந்த அன்று நீ வேதாகமத்தில் பிரசங்கி என்ற புத்தகத்தைத் திறந்து வைத்து, எல்லாம் மாயை என்று என் மதிப்பெண்ணுக்கு நேராக விரலை வைத்தாய். சங்கீதப் பாட்டுகள் ஒரே சேதியை இரண்டு வரியாகச் சொல்வதை முதலில் கவனித்தவள் நான். அதை வேறு விதமாகச் சொன்னவள் நீ. "மொத வரி மத்தவங்க கேக்கறதுக்கு. ரெண்டாவது வரி தனக்கே."

அப்புறம் உன் கால்கள் வீங்கின. முகம் வீங்கியது. சிறுநீரகம் என்றார்கள். சேலத்துக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருவதே உன் வாரமாகிவிட்டது. அந்த வருஷம் உனக்கு வந்த அட்டையில் நீடித்த நாட்களைத் தருவதாக ஒரு வசனம். ஒவ்வொரு முறையும் பஸ்ஸுக்குக் கிளம்பும் முன் உன் அம்மா அதை வலது கையால் தொட்டுவிட்டுத்தான் செருப்பை மாட்டுவார். டாக்டர் முகம் சுருங்கிய நாளிலும், "கர்த்தர் சொல்லிட்டார் சாமி, மாத்த மாட்டார்" என்று உன்னிடம் சொன்னார். ஒரு தடவை நீ, "பயமா இருக்கும்மா" என்று ஆரம்பித்தாய். உன் அம்மா உன் வாயைப் பொத்தினார். அடிப்பதுபோல் இல்லை, கொதிக்கும் பாலில் தண்ணீர் தெளிப்பது போல அவசரமாக. "அந்த வார்த்தையை எடுக்காத தங்கம். விசுவாசம் போயிரும்."

அதற்குப் பிறகு அந்த வார்த்தையை நீ என்னிடம் மட்டும் சொன்னாய்.

சபையிலிருந்து வரும் கிரேஸ் ஆன்ட்டியை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபமும் பாவமுமாக இருக்கிறது. ஆரஞ்சுப் பழத்தோடு வருவார், உன் தலையில் கை வைத்து ஜெபிப்பார். போகும்போது குரலைத் தாழ்த்தி, "மனசுல அறிக்கை பண்ணாத பாவம் ஏதாவது இருக்குதா கண்ணு? இருந்தாச் சொல்லிரு" என்பார். அவர் தெருவைத் தாண்டியதும் நீ வேதாகமத்தில் யோபுவின் கதையை எடுக்கச் சொல்வாய். ஒரு பாவமும் செய்யாமல் எல்லாவற்றையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்திருக்கும் யோபுவைப் பார்க்க வந்த சிநேகிதர்கள் நாள் கணக்கில் வாயே திறக்காமல் கூட உட்கார்ந்திருந்த இடத்தில் என்னை நிறுத்துவாய். "இது வரைக்கும் நல்லவங்கதான். நீ என்ன பாவம் பண்ணுனேன்னு வாயைத் தொறந்தாங்க பாரு, அப்பத்தான் கெட்டுது."

யோபுவின் கடைசிப் பகுதிதான் உனக்கு ஆகவில்லை. அத்தனை கேள்வி கேட்ட மனுஷனுக்குக் கடவுள் புயலிலிருந்து பேசுகிறார், ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. "மலையாடு எப்பக் குட்டி போடும்னு உனக்குத் தெரியுமாங்கறாரு. இதென்ன பதிலு?" என்றாய். "எங்கப்பனைக் கேட்டாச் சொல்லிப்போடுவாரே" என்றேன். நீ சிரித்து, இருமி, மூச்சு வாங்கி அடங்கினாய். பிறகு சுவரைப் பார்த்தபடி, "ஆனா வந்து பேசுனாருல்ல. அது போதுமான்னுதான் தெரியல" என்றாய். எனக்கும் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை.

அந்தச் சனிக்கிழமை ஜெபக்கூட்டம் உங்கள் வீட்டில். பின்கட்டில் உன் அப்பா தறிகளை நிறுத்தியிருந்தார். எப்போதும் ஓடும் சத்தம் நின்றதால் வீடே காது அடைத்ததுபோல் இருந்தது. வேதப்பகுதி வாசிக்க உன்னைக் கேட்டார்கள். நீ, "எனக்கு மூச்சு வாங்குது, இவ படிப்பா" என்று என்னைக் காட்டினாய். எதைப் படிக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தாய். எண்பத்தெட்டாம் சங்கீதம். "அதுல கடைசி வரைக்கும் விடியாதேடி" என்று நான் தயங்கியபோது, "என்ற அம்மா ஒருக்காக் கேக்கட்டும். என்னால சொல்ல முடியல, அது சொல்லட்டும்" என்றாய்.

படித்தேன். பகலிலும் இரவிலும் கூப்பிடுகிற ஒருவன். குழிக்குள் இறங்கினவர்களோடு எண்ணப்பட்டவன். நீர் ஏன் முகத்தை மறைக்கிறீர் என்று கேட்கிறவன். பாதியில் கிரேஸ் ஆன்ட்டி தொண்டையைக் கனைத்தார். "போதும் பாப்பா. ஆறுதலா ஒன்னு படிச்சுட்டு ஜெபிச்சரலாம்."

உன் அம்மா தலையைத் தூக்கவில்லை. "படிக்கட்டுங்" என்றார்.

கடைசி வரி வந்தது. தோழமை எல்லாம் தூரமாகிவிட்டது என்று சொல்லி, இருட்டிலேயே நின்றுவிடும் வரி. அதைப் படிக்கும்போது உன் கட்டிலில், உன் காலடியில் உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் அடுத்த வரிக்குக் காத்திருந்தார்கள். நான் புத்தகத்தை மூடினேன். ஒருவரும் ஆமென் சொல்லவில்லை.

"பயமா இருக்குதா சாமி?" என்றார் உன் அம்மா.

"ஆமாம்மா."

"ரொம்பவா?"

நீ தலையாட்டினாய். அவர் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும் கட்டிலில் ஏறி உன் பக்கத்தில் படுத்துக்கொண்டார். "எனக்குந்தாண்டி" என்றார். நாங்கள் ஒவ்வொருவராக எழுந்து வாசலுக்கு வந்துவிட்டோம். கிரேஸ் ஆன்ட்டி செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு நீ அதிக நாள் இருக்கவில்லை. ஆனால் இருந்த நாட்களில் உங்கள் இருவர் பேச்சும் தறிச் சத்தத்தை மீறி எங்கள் வாசல் வரை கேட்கும்.

உன்னை அடக்கம் செய்த அன்று மேய்ப்பனைப் பற்றிய சங்கீதத்தைச் சொன்னார்கள். எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள், உன் அம்மா மட்டும் மூடவில்லை. அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை அரிக்கிறது. நீடித்த நாட்கள் என்று எழுதிய அந்த வரி பொய்யா? அதை அதன் பாட்டிலிருந்து வெட்டி எடுத்தவர்கள் செய்த தவறா? அல்லது பாட்டு என்பதை உத்தரவாதச் சீட்டாக வாசித்த நம் எல்லாருடைய தவறா? எங்கள் தமிழ் ஐயாவிடம் கேட்டேன். அவர், "நீ பெரிய பிள்ளையாயிட்ட" என்று மட்டும் சொன்னார். அது பதில் இல்லை.

என்னிடம் மிஞ்சியிருப்பது வேறொன்று. பழைய காலத்தில் யாரோ ஒருவர் அந்தப் பாட்டுகளையெல்லாம் சேர்த்துக் கட்டும்போது, விடியாத அந்த ஒரு பாட்டை விட்டுவிடாமல் உள்ளே வைத்திருக்கிறார். அதற்கு ஒரு நல்ல முடிவைச் சேர்க்கவும் இல்லை. யாராவது என்னிடம் அழும்போது நாக்கு நுனிவரை வந்துவிடும் "ஆனாலும்" என்ற சொல்லை இப்போதெல்லாம் விழுங்கிவிடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். இந்த வருஷம் புது வருஷ ஆராதனைக்குப் போவதாக இல்லை என்றார். கிரேஸ் ஆன்ட்டியும் இருந்தார். அவர் இப்போது வசனம் சொல்வதில்லை. சின்ன வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

"அன்னிக்குப் படிச்சியே கண்ணு, அதைப் படி" என்றார் உன் அம்மா. படித்தேன். முடிந்தது.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானுங்க அத்தை. அதுக்கு மேல இல்லீங்க."

முந்தானையைத் திருகினார். பிறகு, "எனக்கு அவர் மேல கோவமா இருக்குது" என்றார். சொல்லிவிட்டு, யாராவது வாயைப் பொத்த வருவார்களோ என்பதுபோல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

வெங்காயம் உரித்த கை நின்றது. நான் பக்கத்தைப் புரட்டவில்லை.

"சொல்லுங்க அத்தை" என்றேன்.

அவர் சொல்ல ஆரம்பித்தார்.