ஆகாப் என்று எழுதினாய்

குற்றாலம்,
8-7-2024

அன்புள்ள உமாவுக்கு,

நலம். அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா? முதலாளி என் போனை வாங்கி வைத்துக்கொண்டார். அதனால்தான் தபால்.

நம் லாட்ஜில் வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்க்கிற சுடலைமணி துண்டு காயப்போடும்போது மூன்றாம் மாடிக் கைப்பிடிச் சுவர் பெயர்ந்துதான் விழுந்து செத்தான். முதலாளி நீட்டிய தாளில், 'குடித்துவிட்டுச் சுவரில் ஏறினான், மேனேஜர் நான் பார்த்தேன்' என்று இருந்தது. கையெழுத்துப் போட்டேன். அந்தக் கோபத்தில்தான் நீ மஞ்சுவைக் கூட்டிக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனாய், தெரியும்.

லாட்ஜ் வரவேற்பறையில் முதலாளியின் ஆட்கள் இரண்டு பேர் தினமும் வந்து உட்காருகிறார்கள். நேற்று ஒருவன் சிரித்துக்கொண்டே, "அண்ணாச்சி, பாப்பா இப்ப எங்கன படிக்கா?" என்றான். மஞ்சுவைத் தனியாக எங்கேயும் விடாதே.

உன்,
முத்துகுமரன்

திருவேங்கடம்,
12-7-2024

அன்புள்ள அத்தானுக்கு,

மஞ்சுவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அப்பாவிடம் காட்டணும் என்று தாளில் மடித்து வைத்திருக்கிறாள்.

நான் படித்த கிறிஸ்தவப் பள்ளியில் டீச்சர் ஆகாப் என்றொரு ராஜாவைப் பற்றிச் சொன்னார்கள். நாபோத் தன் திராட்சைத் தோட்டத்தைத் தர மறுத்ததும் ராஜா சாப்பிடாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். ராணிதான் அவன் பெயரில் கடிதம் எழுதி, அவன் முத்திரையைக் குத்தி, பொய்ச்சாட்சி வைத்து நாபோத்தைக் கொல்லச் செய்தாள். ராஜா ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த அன்று நீங்களும் அப்படித்தான் படுத்திருந்தீர்கள். வாசலில் சுடலைமணி பெண்சாதி முத்துசெல்வி, "ஐயா, எம் மாப்பிள்ளை குடிக்கவே மாட்டாரே" என்று அழுதாள். நீங்கள் எழுந்திருக்கவில்லை. அந்த ஆகாப் நீங்கள்தான்.

உமா

குற்றாலம்,
17-7-2024

உமா,

ஆகாப் என்று எழுதினாய். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. அவனாவது ராஜா. நான் லாட்ஜ் மேனேஜர்.

முத்துசெல்வி மனு கொடுத்திருக்கிறாள். 26ஆம் தேதி தென்காசி கலெக்டர் ஆபீசில் விசாரணை. தாளில் இருப்பதை அப்படியே சொல்லச் சொல்லுகிறார்கள். பாத்ரூம் போனால்கூட ஒருவன் பின்னால் வருகிறான்.

மே மாதம் அந்தச் சுவரின் விரிசலைப் படம் எடுத்து முதலாளிக்கு அனுப்பினேன், உனக்கும் அனுப்பினேன். என் போனில் இருந்ததை அவர்கள் அழித்துவிட்டார்கள். உனக்கு அனுப்பியதை மட்டும் போனைக் கொடுக்கும் முன்பே நான் எடுத்துவிட்டேன்; உன் போனில் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. தயவுசெய்து நீயும் அழித்துவிடு. நம் பிள்ளைக்காகக் கேட்கிறேன்.

முத்துகுமரன்

திருவேங்கடம்,
22-7-2024

அத்தானுக்கு,

அழிக்கத்தான் போனைக் கையில் எடுத்தேன். படத்துக்குக் கீழே நீங்கள் எழுதியிருந்தது கண்ணில் பட்டது: 'முதலாளியிடம் மூணு தடவை சொல்லிட்டேன் உமா. யாராவது விழுந்தா என்ன செய்ய?'

இன்று அந்தப் படத்தை முத்துசெல்வியின் வக்கீலிடம் கொடுத்துவிட்டேன். எடுத்தது யார் என்றும் சொன்னேன். வெளியே பைக் சத்தம் கேட்டால் மஞ்சுவை உள்ளே இழுத்துக்கொள்கிறேன்.

இது கிடைத்ததும் லாட்ஜுக்குப் போகாதீர்கள். போட்ட சட்டையோடு பஸ் ஏறுங்கள். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு விசாரணை. பத்து மணி முதல் ஆபீஸ் வாசலில் நிற்பேன்.

நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும், முத்துசெல்வியோடு நான் உள்ளே போவேன்.

உமா மகேஸ்வரி