இருவரும் தாண்டிப் போன வரி

அன்புள்ள அக்காவுக்கும், என்னைச் சித்தியாக்கிய குட்டிப் பையனுக்கும்,

நாங்கள் மூவரும் நலம். நீ அனுப்பிய புகைப்படத்தை அம்மா தையல் இயந்திரத்தின் மேல் சாய்த்து வைத்திருக்கிறாள். அப்பா அதைப் பார்க்காதவர் போல அந்தப் பக்கமாகவே அடிக்கடி போய்வருகிறார்.

அப்பா வருவாரா என்ற உன் கேள்விக்கு வருகிறேன். அத்தானின் சபையில் குழந்தையை ஆசீர்வதிக்க மட்டும் செய்வார்கள், ஞானஸ்நானம் அவன் வளர்ந்து தானே கேட்கும்போதுதான் என்று தெரிந்ததும், “அப்படின்னா அந்த ஆராதனைக்கு நான் வரலை” என்று அப்பா சொன்னார் அல்லவா? உன் மாமனார் நேரில் அழைக்க வந்த நாள்வரை அதே பேச்சுதான்.

அவர் பக்கத்துத் தெருவிலுள்ள தன் பேக்கரியிலிருந்து ரொட்டியோடு வந்தார். மணிக்கட்டில் ஒரு துணி சுற்றியிருந்தது. உட்கார்ந்ததுமே இருவரும் வேதாகமத்தில் வரும் சிறைக்காவலன் கதைக்குள் போய்விட்டார்கள். பவுலையும் சீலாவையும் காவல் காத்தவன் மனம் மாறி, வீட்டார் எல்லாருடனும் ஞானஸ்நானம் பெறுவானே, அந்தப் பகுதி.

“வீட்டார் எல்லாரும்னா தொட்டில்ல கிடக்கிறதும் சேர்த்திதானே? அது என்ன பூனைக்குட்டியா?” என்றார் அப்பா.

“அடுத்த வரியையும் வாசிங்க சம்பந்தி. வீட்டார் எல்லாரும் விசுவாசிச்சு சந்தோஷப்பட்டாங்கன்னு இருக்கு. தொட்டில்ல கிடக்கிறது எதை விசுவாசிக்கும், பால் புட்டியையா?” என்றார் அவர்.

பிள்ளைக்கு இன்னும் பேரே வைக்கவில்லை, அதற்குள் ரெண்டு சபையா என்று அம்மா உள்ளிருந்து கேட்டாள்.

எனக்கு ஆவல் தாங்கவில்லை. பள்ளி நூலகத்தில் தேடி இரு பக்கத்து விளக்கங்களையும் படித்தேன். நாம் கேட்கும் முன்பே கடவுள் கை நீட்டிவிடுகிறார், அதனால் குழந்தைக்கும் கொடுக்கலாம் என்கிறார்கள் நம்மவர்கள். எனக்காக இன்னொருவர் சம்மதம் சொல்ல முடியாது, அதனால் காத்திருக்க வேண்டும் என்கிறார்கள் அவர்கள். எத்தனை பேர் எவ்வளவு காலம் இந்தச் சில வரிகளோடு உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள், அக்கா! முதல் புத்தகத்தை மூடும்போது நான் நம் பக்கம், இரண்டாவதை மூடும்போது உங்கள் பக்கம். அந்தக் காவலன் வீட்டில் குழந்தை இருந்ததா என்று வேதம் சொல்லவே இல்லை என்பதை இரண்டு புத்தகமுமே ஒப்புக்கொள்கின்றன. அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது.

ஆனால் அன்று விவாதம் முடியவில்லை. ஆஸ்பத்திரியில் நாள் முழுக்கப் புண்ணுக்குக் கட்டுப்போடுகிறவர் அப்பா. பேச்சின் நடுவே அவர் கண் அந்த மணிக்கட்டிலேயே இருந்தது. கேட்டால், அடுப்புத் தட்டு சுட்டுவிட்டதாம், பற்பசை பூசித் துணி சுற்றிவிட்டாராம். “யாரு பார்த்த வைத்தியம் இது?” என்று அப்பா கேட்க, “நானேதான்” என்றார் அவர். “அதான் தெரியுதே.”

ஒட்டிப்போன துணியை இழுக்காமல், கொதித்து ஆறிய தண்ணீரை விட்டு ஊறவைத்து எடுத்தார் அப்பா. நாளையும் வர வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். அதிலிருந்து தினமும் கட்டு மாறியது, கட்சி மட்டும் மாறவில்லை. ஒரு நாள் அப்பாவின் கை ஈரம், உன் மாமனாரின் கை அப்பாவிடம். வேதத்தைப் பிடிக்க ஆளில்லாமல் என்னை வாசிக்கச் சொன்னார்கள். இருவரும் ‘எல்லாரும்’ என்ற இடத்துக்குக் காத்திருந்தார்கள். நான் வரியை முதலிலிருந்தே வாசித்தேன். அந்தக் காவலன் ஞானஸ்நானம் பெறும் முன், அடிபட்டிருந்த பவுல், சீலா இருவரின் காயங்களைக் கழுவினான் என்றுதான் அது தொடங்குகிறது.

அப்பாவின் கை நின்றது.

“இத்தனை நாளா இதைத் தாண்டித் தாண்டியே போயிருக்கோம் சம்பந்தி” என்றார் உன் மாமனார். அப்பா கட்டை முடித்து, இறுக்கம் சரியா என்று விரலால் பார்த்துவிட்டு, “அந்த ஆராதனை என்னைக்குன்னு சொன்னீங்க?” என்று கேட்டார்.

லீவு எழுதிக் கொடுத்துவிட்டார், அக்கா. ஆனால் கொள்கையை விட்டுவிட்டார் என்று நினைக்காதே. வந்ததும் யாரும் அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம், அத்தானிடமும் சொல்லிவை. முதலில் குழந்தையை அவர் கையில் கொடுத்துவிடு. பயணத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. இன்றே நகங்களை ஒட்ட வெட்டிவிட்டு, விரல் நுனிகளைத் தன் கன்னத்தில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஆண்டவர் உங்கள் மூவரோடும் இருக்க வேண்டிக்கொள்ளும்,
உன் தங்கை